கரிசல் என்று சொல்லிவிட்டேன்

ஜூன் 4, ஞாயிறு

அருணோதயா கார்டன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இன்று ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஒருமனதாக என்றால் வேறு யாருக்கும் மனசில்லை என்று அர்த்தம். தலைவர் வரதராஜுலு எனக்கு மாலை போட்ட கையோடு, சாக்கடை அடைப்பைப் பற்றிய புகார்க் கடிதத்தையும் நீட்டினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்.

முதல் தீர்மானம்: பூங்காவில் இயற்கைக் காய்கறித் தோட்டம். பூங்கா என்பது லேஅவுட்டின் வடக்கு மூலையில், வரைபடத்தில் பச்சை அடித்திருக்கும் இடம். எட்டு வருஷத்தில் அங்கே உருப்படியாக வளர்ந்தது சீசாப் பலகையின் துரு மட்டும்தான்.

"கடையில வாங்கற காய்கறியெல்லாம் வெசமுங்க. நம்ம கொழந்தைங்களுக்கு நாமளே வெசத்த ஊட்டிட்டு இருக்கறோம்" என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் தாமதமாக.

மண் எப்படி என்று ஒருவர் கேட்டார். "செம்மண்ணுங்க. அருமையான செம்மண்ணு" என்றேன். இந்த லேஅவுட்டைப் போட்ட அங்கமுத்து புரமோட்டர்ஸில் நான்தான் சைட் மேனேஜர். மண் விஷயத்தில் என் பேச்சுக்கு இங்கே மறுபேச்சு கிடையாது.

ஜூன் 9, வெள்ளி

வாழைக்குழி என்றால் ஓரடி போதும் என்றேன். யாரும் கேட்கவில்லை. ஜேசிபி வைத்து மூன்றடி தோண்டிவிட்டார்கள். மேலே இரண்டடி செம்மண், அதற்குக் கீழே கறுகறுவென்று வேறு மண்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கரிசல்" என்று சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூரில் கரிசல் இல்லாத பக்கம் ஏது? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைவர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டார்: "நம் பாரம்பரியக் கரிசல்! இரசாயனம் தீண்டாத மண்!" அரை மணியில் நாற்பது கட்டைவிரல்கள்.

மண்ணுக்கு நடுவே கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தன. அவற்றை யாரும் படம் எடுக்கவில்லை. நானே குனிந்து பொறுக்கி ஒரு சாக்கில் போட்டு அப்புறப்படுத்தினேன். செயலாளர் என்றால் இறங்கி வேலை செய்ய வேண்டும்.

ஜூன் 18, ஞாயிறு

தோண்டிய மண் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. குழந்தைகளுக்கு அதுதான் இப்போது மலை. என் மகள் ஆதிரைக்கு ஐந்து வயது. மலைக்கு அவள்தான் ராணியாம். கறுப்பாக வந்தவளை என் மனைவி கோகிலா இரண்டு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை.

சாயங்காலம் பதினேழாம் நம்பர் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜெசிந்தா வந்தார். ஏதோ கல்லூரியில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"சார், இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தென்னந்தோப்புங்க."

"தென்னந்தோப்புல பேட்டரி ஓடு எப்படி வந்துச்சு?" அவர் கையில் ஒரு கறுப்புச் சில்லு. நான் விட்டுவிட்டது.

"பம்பு செட்டுக்கு வெச்சிருப்பாங்க."

மருந்துப் பாட்டிலில் காலாவதித் தேதி தேடுகிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு கவர் மண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். செயலாளர் வேறென்ன சொல்ல முடியும்?

ஜூன் 27, செவ்வாய்

ஆதிரைக்கு வயிற்று வலி. பூச்சி மாத்திரை கொடுத்தோம்.

ஜூலை 2, ஞாயிறு

அறுவடைத் திருவிழா. மூன்று வாரத்து வெந்தயக்கீரைக்கு மைக் செட், பந்தல், ஒரு சிறப்பு விருந்தினர். சிறப்பு விருந்தினர் என் முதலாளி அங்கமுத்துதான். முதல் பிடிக் கீரையைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் கேமராவுக்குக் காட்டி, "மண்ணு நமக்குத் தாய்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். தாயைப் பிளாட் போட்டது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் காரில் சங்கத்தின் சார்பாக ஒரு கூடை கீரை ஏற்றினோம். கதவைச் சாத்தும்போது என்னை மட்டும் அருகே கூப்பிட்டார்.

"ஏப்பா சென்னி, அந்தக் கூடைய எறக்கிப்போடு. எங்கூட்டுல யாரும் கீரை திங்கறதில்ல."

போன வாரம் அவர் வீட்டில் எனக்கு அகத்திக்கீரைப் பொரியலோடு சோறு போட்டார்கள். அதைச் சொல்லாமல் இறக்கினேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூடையைக் குப்பையில் கொட்ட முடியுமா? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோகிலா மத்தியானமே பருப்புப் போட்டுக் கடைந்துவிட்டாள். இன்றைக்கு விரதம் என்று சொல்லி நான் மோர் மட்டும் குடித்தேன். என்ன விரதம் என்று கோகிலா கேட்டாள். எனக்கே தெரியவில்லை. ஆதிரை மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

எட்டு வருஷம் ஆகிறது. மண் எவ்வளவோ மழையைப் பார்த்தாயிற்று. இத்தனை நாளில் எல்லாம் கழுவிப் போயிருக்கும்.

ஜூலை 5, புதன்

ஜெசிந்தா ஒரு தாளோடு வந்தார். வாசலில் நின்றே பேசினோம், கோகிலா உள்ளே இருந்தாள்.

"காரீயம் சார். ஒரு கிலோ மண்ணுல நானூறு மில்லிகிராம் இருந்தாலே பிள்ளைங்கள விளையாட விடக்கூடாதும்பாங்க. இதுல நாலாயிரத்துக்கு மேல இருக்கு. இது பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்குன எடம். தென்னந்தோப்பு இல்ல."

"கீரைய நிறுத்திடச் சொல்றேங்க."

"கீரையவிட மோசம் அந்த மண்ணுதான். கையில ஒட்டும், நகத்துல போகும், வாய்க்குப் போகும். பெரியவங்க உடம்பு உள்ள எடுத்துக்கிறத விட பிள்ளைங்க உடம்பு பல மடங்கு எடுத்துக்கும். மூளை வளர்ற வயசு. அந்தக் குவியல இன்னைக்கே மூடுங்க."

தலைவரிடம் பேசுகிறேன் என்றேன். மழை வரும் போலிருந்ததால், சாயங்காலம் நானே ஒரு தார்ப்பாய் கொண்டுபோய்க் குவியலின் மேல் போட்டேன். மழைக்காகத்தான். ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே புகுந்து, அதைக் கூடாரமாக்கிக்கொண்டார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

அவசரக் கூட்டம். ஜெசிந்தா பேச எழுந்ததும் தலைவர் சங்க விதிப் புத்தகத்தைப் பிரித்தார். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் உட்காரலாம், பேசக்கூடாதாம். தாளை மட்டும் வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசித்தார்.

ஒன்பதாம் நம்பர் அம்மா எழுந்தார். "ஈயந்தானுங்களே? எங்கூட்டுல இன்னிக்கும் ஈயச்சொம்புலதான் ரசம் வெக்கறோம். யாருக்கு என்ன ஆச்சு?"

"அது வெள்ளீயம்மா, இது காரீயம்" என்றார் ஜெசிந்தா, விதியை மீறி.

"எல்லாம் ஈயந்தான், போம்மா."

முப்பத்தொன்றாம் நம்பர்காரர் வீட்டை விற்கப் போட்டிருக்கிறார். அவர் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா நம்ம வூட்ட நாய் கூடச் சீந்தாது. ஆருக்கு வேணும் இதெல்லாம்?" அவருக்குத்தான் இன்றைக்கு அதிகக் கைதட்டல்.

நிறைவேறிய தீர்மானங்கள். ஒன்று, குழுவில் ஈயம் என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது; தவிர்க்க முடியாத இடத்தில் 'தாதுச்சத்து' என்று எழுதலாம். இரண்டு, செயலாளர் வேறொரு கூடத்தில் மண்ணை மறுபரிசோதனை செய்து வரவேண்டும். மூன்று, பதினேழாம் நம்பர் வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரருக்குத் தக்க அறிவுரை வழங்க வேண்டும்.

கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தை எழுதியது நான். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஜூலை 10, திங்கள்

அங்கமுத்து போனில் கூப்பிட்டார். "டெஸ்ட்டுக்கு மண்ணு வேணும்னா எடுத்துட்டுப் போயேன். ஊருல நல்ல மண்ணுக்கா பஞ்சம்?"

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. எட்டு வருஷம் கூட வேலை செய்தவனுக்கு மேலே சொல்லத் தேவையுமில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நர்சரியில் ஒரு பை மண் வாங்கி, அப்படியே பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். எந்த ஊர் மண் என்று அவர்கள் கேட்கவில்லை. சீட்டில் 'அருணோதயா கார்டன் பூங்கா' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 19, புதன்

மண் அருமையான மண் என்று முடிவு வந்துவிட்டது. நர்சரிக்காரன் பொய் சொல்லவில்லை. தலைவர் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அறையில் மாட்டினார். குழுவில் வாணவேடிக்கைப் படங்கள். "தாதுச்சத்து அளவோடு உள்ளது!"

நடுவே ஜெசிந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "எந்த இடத்துல எடுத்த மண்ணு?"

ஐந்து நிமிஷத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று. குழுவுக்கு அட்மின் செயலாளர்தான்.

ஜூலை 21, வெள்ளி

டாக்டரிடம் போனோம். ஆதிரை வெளுத்துப் போயிருக்கிறாள். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாராம், போன மாதம் எழுதிக்கொண்டிருந்த எழுத்துகளை இப்போது எழுத வரவில்லை என்று. கோகிலா வீட்டில் சிலேட்டைக் கொடுத்துப் பேரை எழுதச் சொன்னாள். குழந்தை பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"மண்ணு கிண்ணு திங்கறாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாங்க, அந்தப் பார்க்கு மண்ணுல வெளையாடும்போது..." என்றாள் கோகிலா.

"இல்லீங்க" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. டாக்டர் கோகிலா சொன்னதை எழுதிக்கொண்டார். இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் கோகிலா என் தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

ஜூலை 30, ஞாயிறு

கோகிலா பதினேழாம் நம்பர் மாடிக்குப் போய் வந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நம்பர் அம்மா சொன்னார். சங்கத்துக்கு எதிரான நடவடிக்கையாக இதைக் கருத வேண்டியிருக்கும் என்று தலைவர் என்னை எச்சரித்தார்.

நேற்று ஆதிரைக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை யாரும் சொல்லவில்லை. குழந்தையின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

நாற்பத்தொன்று.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் நாற்பத்தொரு மைக்ரோகிராம் காரீயம். ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். இன்னும் நாலு கூடியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றியிருப்பார்களாம். இப்போதைக்கு அந்த மண்ணிலிருந்து குழந்தையை விலக்கி, சத்தான சாப்பாடு கொடுத்து, திரும்பத் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும். இதை டாக்டர் கோகிலாவிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த எடத்துல முந்தி என்னங்க இருந்துச்சு?"

தென்னந்தோப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. இவ்வளவு நாள் பழகியதல்லவா. அப்புறம் சொன்னேன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறை. சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடெல்லாம் செத்து ஜனங்கள் சண்டைக்கு வந்ததால் மூடினார்கள். யாரும் வாங்காத இடத்தை அங்கமுத்து வாங்கினார். மேலே இரண்டடி செம்மண் கொட்டிச் சமப்படுத்தியது நான். ஒவ்வொரு லாரியையும் நின்று இறக்கினேன்.

"ஒல எங்க இருந்துச்சு?"

"வடக்கு மூலைல."

லேஅவுட் போட்டால் பொதுமக்களுக்கென்று கொஞ்சம் இடம் விட வேண்டும், அது சட்டம். உலை இருந்த இடத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் அதையே பூங்காவுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கமுத்து தோளில் தட்டிப் பாராட்டி, பூங்காவுக்குப் பக்கத்திலேயே இந்த மனையைச் சலுகையில் கொடுத்தார்.

யோசனை வந்தது என்று எழுதியிருக்கிறேன். என்னிடமிருந்துதான் வந்தது. அதையும் அவளிடம் சொன்னேன்.

கோகிலா கத்துவாள் என்று நினைத்தேன். ஆதிரையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அந்தக் கீரைய நீங்க ஏன் திங்கல?"

பொள்ளாச்சியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாமென்று ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். உலை, செம்மண், நர்சரி மண், நாற்பத்தொன்று. நடுவே இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

தலைவர் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து மூடினார். பிறகு சொன்னார்: "இத மினிட்ஸ்ல ஏத்த வேண்டாங்க."

முப்பத்தொன்றாம் நம்பர்காரர் என் சட்டையைப் பிடித்தார். ஈயத்தைப் புதைத்ததற்காக அல்ல, வெளியே சொன்னதற்காக. "அடுத்த வாரம் அட்வான்ஸ் போட வர்றாங்க, பாவி! ஒரு வாரம் உன்னால வாய மூடிட்டு இருக்க முடியலையா?" எட்டு வருஷம் மூடிக்கொண்டிருந்தேன். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

செயலாளர் பதவியிலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கினார்கள். வாக்கெடுப்பில் நானும் கை தூக்கினேன்.

வெளியே வரும்போது இருபத்திரண்டாம் நம்பர் மல்லிகேஸ்வரி கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பையனும் அந்த மலையில்தான் விளையாடினான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "எம்பையனுக்கும் டெஸ்ட் எடுக்கோணுங்களா?"

"நாளைக்கே எடுங்க."

"உங்க பாப்பாவுக்கு வந்தப்பறந்தான் உங்களுக்கு வாயி வந்துச்சு. இல்லீங்களா?"

ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 7, திங்கள்

வேலை போயிற்று. அங்கமுத்து நேரில் சொல்லவில்லை, வாட்ச்மேனை விட்டுச் சொன்னார். அங்கிருந்து நேராகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். மனுவை எழுத உதவியவர் ஜெசிந்தா. 'குற்றம் செய்தவர்கள்' என்ற இடத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதினேன். இரண்டாவதாக எழுதினால் போதும் சார் என்றார். முதலில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். வீரமாகத்தான் இருந்தது, எழுதும்போது. பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

மண் எடுக்க அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் வாசலிலேயே இளநீரோடு வரவேற்று, வழியில் இருந்த ரோஜாத் தொட்டிகளைக் காட்டி, "சாம்பிளுக்கு இது போதுங்களா?" என்று கேட்டார். வந்தவர்களில் வயதில் இளையவர் உண்மையிலேயே தொட்டிக்கு முன் குனிந்துவிட்டார்.

"சார், அங்க இல்லீங்க. இங்க வாங்க" என்று நான் பூங்காவின் மூலையில் போய் நின்றேன். "இந்த எடத்துல மூணடி தோண்டுங்க."

"நீங்க யாரு?"

"மூடினவனுங்க."

தோண்டினார்கள். கறுப்பு வந்தது. பால்கனிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

செப்டம்பர் 14, வியாழன்

பூங்காவுக்குத் தகர வேலி போட்டு, 'மாசடைந்த மண், உள்ளே நுழையாதீர்' என்று அரசாங்கப் பலகை வைத்துவிட்டார்கள். மண்ணை எப்போது அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கேட்டால், அதற்குக் கமிட்டி போட்டிருக்கிறதாம். சங்கத்துக்கும் நேற்று சுறுசுறுப்பு வந்து, அந்தப் பலகைக்கு மேல் 'விநாயகர் சதுர்த்தி நல்வாழ்த்துகள்' என்று ஒரு பெரிய பிளக்ஸைக் கட்டிவிட்டார்கள். பிள்ளையாரை அகற்ற அதிகாரிகளுக்கும் தைரியம் வராது. அங்கமுத்து முன்ஜாமீன் வாங்கிவிட்டார். எனக்குச் சம்மன் வந்திருக்கிறது.

கோகிலா போன் செய்தாள். ஆதிரைக்கு முப்பத்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. வயிற்று வலி இல்லை. ஆனால் மூளைக்குள் என்ன போயிற்று, அது திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் போகப் போகத்தான் தெரியுமாம்.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டேன்.

"அத இப்பக் கேக்காதீங்க. அங்க மத்த கொழந்தைங்களுக்கெல்லாம் ரத்தம் பாத்தாச்சா? அதக் கேட்டுச் சொல்லுங்க."

செப்டம்பர் 16, சனி

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மொத்தம் பத்தொன்பது. மனை விற்ற காலத்திலிருந்தே எந்த வீட்டில் யார் என்று எனக்கு அத்துப்படி. இதுவரை பரிசோதித்தது ஐந்து பேர். ஐந்து பேருக்கும் இருக்கிறது. மல்லிகேஸ்வரியின் பையனுக்கு இருபத்தெட்டு.

காலையிலிருந்து வீடு வீடாகப் போனேன். மூன்று வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயைத் திறந்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் அம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்து, தன் பேரன் எவ்வளவு ஆரோக்கியம் என்று அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தை வெளுத்திருந்தது. ஆதிரை மாதிரியே. சொன்னேன். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

சாயங்காலம் தலைவர் வீடு. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்த மகனின் குழந்தை, நான்கு வயதுப் பேத்தி, ஜூனிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். வரதராஜுலு கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் பாதி சாத்தினார். நான் சொல்ல வந்ததையெல்லாம் அந்த இடைவெளியில் சொல்லி முடித்தேன். உள்ளே டிவியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் படி இறங்கித் திரும்பிவிட்டேன்.

"மிஸ்டர் சென்னியப்பன்."

நின்றேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த லேப்புங்க?"

பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். சின்னக் குழந்தைக்கு ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். ஒரு நொடிதான் என்றேன்.

"குரூப்ல போட்றாதீங்க" என்றார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

நான் குழுவிலேயே இல்லை என்பதை அவர் மறந்திருந்தார். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்றாம் நம்பர் கேட்டைத் தள்ளினேன். அங்கே இரண்டு குழந்தைகள்.